தேனீ இல்லாத 40 பெட்டிகள்: அடுத்தவர் காசும் ஐந்து நாட்டுச் சட்டமும்

(எபிசோடின் ஒலிவடிவத்திலிருந்து தொகுத்து எழுதப்பட்டது)

இன்னைக்கு எபிசோடை என் முட்டாள்தனத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் வீடு மாறினப்போ, அட்வான்ஸ்ல பாக்கி இருந்த 12,000 ரூபாயை ஹவுஸ் ஓனருக்கு யூபிஐ-ல அனுப்பினேன். போன் நம்பர்ல ஒரு எண் மாறிடுச்சு. பணம் முன்பின் தெரியாத ஒருத்தருக்குப் போயிடுச்சு. பேங்க்ல கேட்டா, வாங்கினவர் சம்மதம் இல்லாம எடுக்க முடியாதுன்னாங்க. சரின்னு அந்த நம்பருக்கே போன் அடிச்சேன்.

எடுத்தவர் கோபக்காரர் இல்ல. நிதானமாத்தான் பேசினார். "தம்பி, எனக்கு ஒருத்தர் காசு தர வேண்டியிருந்துச்சு. அதுதான் வந்திருக்குன்னு நினைச்சு பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிட்டேன். நான் உங்ககிட்ட எதுவும் வாங்கலையே. நான் ஏன் திருப்பித் தரணும், சொல்லுங்க?"

எனக்கு உடனே வாயில வந்தது இதுதான்: "அண்ணா, அது என் காசு. நீங்க ஏன் வச்சுக்கணும், அதைச் சொல்லுங்க."

போனை வச்ச பிறகு ரொம்ப நேரம் யோசிச்சேன். நாங்க ரெண்டு பேரும் கேட்டது ஒரே விஷயத்தைப் பற்றித்தான். ஆனா கேள்வி வேற. அவர் கேள்விக்கு நான் பதில் சொல்லணும், என் கேள்விக்கு அவர் பதில் சொல்லணும். அப்புறம் படிக்க ஆரம்பிச்சப்பதான் தெரிஞ்சுது, உலகத்துச் சட்டங்கள் இந்த ரெண்டு கேள்விக்கு நடுவுலதான் ரெண்டாயிரம் வருஷமா இழுபறியில இருக்குன்னு.

சட்டத்துல இதுக்குப் பெயர் அன்ஜஸ்ட் என்ரிச்மென்ட். நாம அநியாய ஆதாயம்னு வச்சுக்கலாம். இதுல திருட்டு இல்ல, ஏமாத்து வேலையும் அவசியம் இல்ல. ஒப்பந்தமும் இருக்காது. ஒருத்தர் கைல இருந்தது இன்னொருத்தர் கைக்குப் போயிருக்கு, அது அங்கே இருக்க நியாயமான காரணம் இல்ல. அவ்வளவுதான். இதை ஒவ்வொரு நாடும் எப்படிக் கையாண்டது, அதுல யார் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டாங்க என்பதுதான் இன்றைய கதை.

ரோமில் ஒரு வாக்கியம்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பொம்போனியஸ் என்று ஒரு ரோமானியச் சட்ட அறிஞர் இருந்தார். அடுத்தவருக்கு நஷ்டத்தை உண்டாக்கி ஒருவர் பணக்காரர் ஆவது இயற்கை நியாயத்துக்கு ஆகாது என்ற பொருளில் அவர் எழுதியதை, பேரரசர் ஜஸ்டினியன் 533-இல் வெளியிட்ட 'டைஜஸ்ட்' என்ற பெரிய சட்டத் தொகுப்பில் சேர்த்தார்கள். இன்றுவரை இந்தத் துறையில் எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஆனால் ரோமானியர்கள் அந்த வாக்கியத்தை வைத்து நேராக வழக்குப் போட விடவில்லை. அவர்களிடம் 'கண்டிக்டியோ' என்ற வழக்கு வகை இருந்தது. இல்லாத கடனைத் தவறாகக் கட்டிவிட்டாயா? அதற்கு ஒன்று. நடக்கப்போகும் கல்யாணத்துக்காக வரதட்சணை கொடுத்தாய், கல்யாணம் நின்றுவிட்டதா? அதற்கு இன்னொன்று. உன் பிரச்சினை எந்தப் பெட்டியில் பொருந்துகிறதோ அதில் போய் நில், பொருந்தாவிட்டால் வீட்டுக்குப் போ.

இது கல்நெஞ்சு மாதிரி தெரியலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க. 'அடுத்தவர் நஷ்டத்தில் லாபம்' என்பதை அப்படியே சட்டமாக்கினால், தெருவில் புதுசாகக் கடை போடுகிறவர்மேல் பழைய கடைக்காரர் வழக்குப் போடலாம். எந்த லாபம் அநியாயம் என்று கோடு போட்டே ஆகணும். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன.

ஆறு பவுண்ட் வழக்கு

1760, லண்டன். மோசஸ் என்பவரிடம் வேறொருவர் எழுதிக்கொடுத்த நான்கு புரோநோட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 30 ஷில்லிங், மொத்தம் 6 பவுண்ட். அவற்றை மக்ஃபர்லன் என்பவருக்குக் கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொடுத்தார். வசூலாகாவிட்டால் மோசஸிடம் கேட்கமாட்டேன் என்று மக்ஃபர்லன் எழுத்திலேயே உறுதி கொடுத்தார். கொடுத்துவிட்டு, சின்னக் கடன்களை விசாரிக்கும் ஒரு கீழ்க்கோர்ட்டில் மோசஸ் மேலேயே வழக்குப் போட்டார். அந்த உறுதிக் கடிதத்தைப் பார்க்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று கீழ்க்கோர்ட் கைவிரித்தது. மோசஸ் 6 பவுண்டைக் கட்டினார்.

பிறகு அதைத் திரும்பக் கேட்டு கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே தலைமை நீதிபதி லார்ட் மேன்ஸ்ஃபீல்ட். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், ரோமானியச் சட்டம் தெரிந்தவர். இந்தச் சூழ்நிலையில் பணத்தைத் திருப்பித் தர இயற்கை நியாயமே ஒருவரைக் கட்டுப்படுத்துகிறது என்று தீர்ப்பளித்தார். மோசஸ் ஜெயித்தார்.

தீர்ப்பு அழகுதான். ஆனால் அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் வழக்குப் போட ஒரு சட்டகம் வேண்டும். இந்த மாதிரிக் கோரிக்கைக்குக் கிடைத்த சட்டகம், பணம் வாங்கியவர் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தார் என்று கற்பனை செய்துகொள்வது. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னதாக வைத்துக்கொள்வோம் என்றார்கள். நல்ல காரியத்துக்காகச் சொன்ன ஒரு பொய்.

அந்தப் பொய் 1914-இல் திருப்பி அடித்தது. பர்க்பெக் என்ற கட்டடக் கடன் சங்கம், அதற்கான சட்ட அதிகாரம் இல்லாமலேயே வங்கி நடத்தி வந்தது. சங்கம் விழுந்தது. பணம் போட்டவர்கள், எங்கள் காசை நீங்கள் வைத்துக்கொள்ள என்ன காரணம் என்று கேட்டார்கள். லார்ட்ஸ் சபை நீதிபதிகளின் பதில் விசித்திரமானது. திருப்பித் தருவதாகச் சங்கம் வாக்குக் கொடுத்ததாகக் கற்பனை செய்யத்தான் முடியும்; ஆனால் அப்படி வாக்குக் கொடுக்கவே சங்கத்துக்கு அதிகாரம் இல்லை; அதனால் கற்பனையும் செல்லாது! கடைசியில் வேறொரு சட்ட வழியில், மிச்சமிருந்த சொத்தில் பங்குதாரர்களோடு சேர்ந்து ஒரு பகுதி கிடைத்தது. ஆனால் 'என் பணம், திருப்பிக் கொடு' என்ற நேரடிக் கோரிக்கை தோற்றது.

1872: பொய் தேவைப்படாத சட்டம்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இங்கிலாந்தில் இந்தக் கற்பனை ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, அதே ஆங்கிலேயர்கள் இந்தியாவுக்கு எழுதிய ஒப்பந்தச் சட்டம், 1872-இல், இதற்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கியது. 68 முதல் 72 வரை ஐந்தே பிரிவுகள். வாக்குக் கொடுத்ததாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. சட்டமே நேராகச் சொல்லிவிடுகிறது.

பிரிவு 72: தவறுதலாகவோ வற்புறுத்தலின் பேரிலோ பணமோ பொருளோ பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும். என் 12,000 ரூபாய் இங்கேதான் வருது. இதற்குச் சட்டத்திலேயே கொடுத்திருக்கும் உதாரணங்களில் ஒன்று ரயில் சரக்கு பற்றியது. சட்டவிரோதமாக அதிகக் கட்டணம் கேட்டு ரயில்வே கம்பெனி சரக்கைப் பிடித்து வைக்கிறது. வேறு வழியில்லாமல் ஒருவர் கட்டுகிறார். கூடுதலாகக் கட்டியதை அவர் திரும்பப் பெறலாம்.

பிரிவு 70 இன்னும் சுவாரசியம். ஒருவர் இன்னொருவருக்காகச் சட்டப்படி ஒரு வேலை செய்கிறார், இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லை, மற்றவர் அதன் பலனை அனுபவிக்கிறார் என்றால், ஈடு கொடுக்க வேண்டும். இது காகிதத்தோடு நின்றுபோகவில்லை. மேற்கு வங்கத்தில் ஆரம்பாக் என்ற ஊரில், உணவு வழங்கல் துறைக்காக ஒரு காண்ட்ராக்டர் கிடங்கு, சாலை, அறைகள் எல்லாம் கட்டிக்கொடுத்தார். அரசு பயன்படுத்தியது. பில் வந்ததும், 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் சொல்லும் முறைப்படி ஒப்பந்தம் போடப்படவில்லை, அதனால் பணம் கிடையாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1961 டிசம்பரில் காண்ட்ராக்டர் ஜெயித்தார். ஒப்பந்தம் செல்லாது என்பது சரி, ஆனால் வேண்டாம் என்று மறுக்காமல் கட்டடத்தை வாங்கி அனுபவித்தாய் அல்லவா, அதற்குக் கொடு. இதுதான் தீர்ப்பின் சாரம்.

உரக்கடைக்காரரும் நிலக்காரரும்

பிரான்ஸ். நெப்போலியன் காலத்து 1804 சிவில் சட்டத்தில், தவறாகக் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற வழி இருந்தது. அநியாய ஆதாயம் என்று பொதுவாக எதுவும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது ஒரு உரக்கடை பாக்கி.

பூடியே என்ற உர வியாபாரி ஒரு குத்தகை விவசாயிக்குக் கடனுக்கு உரம் கொடுத்தார். உரம் நிலத்தில் போடப்பட்டது. பயிர் நிற்கும்போதே குத்தகை முறிந்தது. குத்தகைப் பாக்கிக்கு ஈடாக, நிலத்தில் நின்ற பயிர் நிலக்காரர் கைக்குப் போனது. குத்தகைக்காரரிடம் பணம் இல்லை. உரக்கடைக்காரர் நிலக்காரர்மேல் வழக்குப் போட்டார். என் உரம் உன் நிலத்தில் விளைந்திருக்கு, காசு கொடு.

நிலக்காரர் உரம் கேட்கவில்லை, வாங்கவில்லை, ஒரு ஒப்பந்தமும் இல்லை. ஆனாலும் 1892 ஜூன் 15 அன்று பிரான்ஸின் உச்ச நீதிமன்றமான கசாசியோன் நீதிமன்றம் உரக்கடைக்காரர் பக்கம் நின்றது. எந்தச் சட்ட வாசகத்தையும் அது சார்ந்து நிற்கவில்லை. அடுத்தவர் செலவில் ஒருவர் வளமாகக் கூடாது என்ற நியாயமே போதும் என்றது.

கதவை இவ்வளவு அகலமாகத் திறந்தால் என்ன ஆகும்? பயம் வந்துவிட்டது. 1914, 1915 தீர்ப்புகளில் ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள்: வேறு எந்த வழக்குக்கும் வழி இல்லாதபோதுதான் இதற்கு வரலாம். நீதிபதிகளே உருவாக்கிய இந்த விதி, 2016-இல்தான் சிவில் சட்டப் புத்தகத்துக்குள் எழுதப்பட்டது.

டிக்கெட் இல்லாமல் நியூயார்க்

ஜெர்மனிக்குப் போனால் அந்த உரக்கடைக்காரர் பெரும்பாலும் தோற்றிருப்பார். நீ யாரை நம்பிக் கடன் கொடுத்தாயோ அவரிடம் போய்க் கேள், என்பதுதான் அங்கே பொது விதி. அதற்கும் காரணம் இருக்கு. நிலக்காரர் பாக்கிக்குக் கழித்துக்கொண்டு பயிரை எடுத்திருந்தால், உரத்துக்கும் பணம் கொடுத்தால் ஒரே பயிருக்கு ரெண்டு தடவை விலை கொடுத்த மாதிரி ஆகும்.

ஆனால் 1900-இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் சிவில் சட்டத்தின் 812-ஆம் பிரிவு, அடிப்படைக் கேள்வியையே திருப்பிப் போட்டது. சட்டக் காரணம் இல்லாமல் அடுத்தவர் செலவில் ஒன்றைப் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும். அதாவது, பெற்றதற்குக் காரணம் இருக்கா? இல்லையென்றால் கொடு.

இங்கிலாந்தில் கேட்பவர்தான் காரணம் காட்டணும். தவறு நடந்தது, மிரட்டல் நடந்தது, எதற்காகக் கொடுத்தேனோ அது நடக்கவே இல்லை என்று ஏதாவது ஒன்று. போன்ல அந்த அண்ணன் என்கிட்டக் கேட்டது இந்த ஆங்கிலேயக் கேள்விதான். நான் அவரைக் கேட்டது ஜெர்மன் கேள்வி.

ஜெர்மனி ஏன் இப்படிப் போனது? அங்கே ஒரு பொருளை விற்கும் ஒப்பந்தமும், அதன் உரிமை கைமாறுவதும் தனித்தனிச் செயல்கள். விற்பனை ஒப்பந்தம் செல்லாமல் போனாலும் உரிமை வாங்கியவரிடமே தங்கிவிடலாம். உரிமை இருக்கு, காரணம் இல்ல. அந்தச் சிக்கலை அவிழ்க்கவே அவர்களுக்குப் பெரிய அநியாய ஆதாயச் சட்டம் தேவைப்பட்டது.

ஜெர்மன் சட்ட மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழக்கு இருக்கு. 1968-இல், 18 வயது நிரம்பாத ஒரு பையன் மியூனிக்கிலிருந்து ஹாம்பர்க்குக்கு டிக்கெட் வாங்கிப் பறந்தான். ஹாம்பர்க்கில் இறங்கிப் போகாமல், தொடர்ந்து போகும் பயணிகளோடு கலந்து, டிக்கெட் இல்லாமலேயே நியூயார்க் போய்ச் சேர்ந்தான். விசா இல்லாததால் உள்ளே விடவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். விமான நிறுவனம் கட்டணம் கேட்டது.

பையன் தரப்பு வாதம் சாதாரணமானது இல்ல. அந்தப் பயணத்தால் என் கையில் இப்போது என்ன மிச்சம்? ஒன்றும் இல்லை. டிக்கெட் காசை மிச்சப்படுத்தினேன் என்றும் சொல்ல முடியாது, ஏன்னா காசு கொடுத்து நான் போயிருக்கவே மாட்டேன். ஜெர்மன் சட்டத்தில் இதற்கு உண்மையிலேயே இடம் உண்டு. நல்லெண்ணத்தோடு பெற்றவர், பெற்றது கரைந்துபோயிருந்தால், திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் 1971-இல் ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் பையனைப் பணம் கட்டச் சொன்னது. தனக்கு உரிமை இல்லை என்று புரிந்துகொள்ளும் வயது அவனுக்கு இருந்தது. தெரிந்தே எடுத்தவன், கரைந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

லண்டன் தாமதமாக வந்த கதை

'நல்லெண்ணத்தில் வாங்கினேன், செலவாகிடுச்சு' என்ற தற்காப்பை இங்கிலாந்து தெளிவாக ஏற்றுக்கொண்டது 1991-இல்தான். ஒரு வக்கீல் நிறுவனத்தின் பங்குதாரர், கட்சிக்காரர்கள் கணக்கிலிருந்து பணத்தை எடுத்து லண்டனில் ஒரு சூதாட்ட கிளப்பில் தோற்றார். கிளப்புக்கு இது திருட்டுப் பணம் என்று தெரியாது. வக்கீல் நிறுவனம் கிளப்பிடம் திரும்பக் கேட்டது. லார்ட்ஸ் சபை நீதிபதிகள், அந்தப் பழைய கற்பனை வாக்குறுதியை நம்பாமல், அநியாய ஆதாயம் என்ற கொள்கையின் பெயரைச் சொல்லியே தீர்ப்பளித்தார்கள். கிளப் திருப்பித் தரணும். ஆனால் அதே ஆள் ஜெயித்தபோது கிளப் கொடுத்த பணத்தைக் கழித்துக்கொள்ளலாம். மேன்ஸ்ஃபீல்டுக்குப் பிறகு 231 வருஷம்.

இன்னொரு தாமதமும் உண்டு. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது என்பது இங்கிலாந்தில் 1802 முதல் இருந்த விதி. சட்டம் தெரியாதது உன் தப்பு என்றார்கள். ஆனால் நம்ம பிரிவு 72 'தவறு' என்று மட்டும்தான் சொல்லுது, என்ன மாதிரித் தவறு என்று பிரிக்கவில்லை. 1949-இல் இந்திய வழக்கு ஒன்றில் பிரிவி கவுன்சில் இதைக் கவனித்து, சட்டம் பற்றிய தவறும் இதில் அடங்கும் என்றது. பிரிவி கவுன்சில் உட்கார்ந்திருந்தது லண்டனில்! 1958-இல், பனாரஸில் செல்லாத விற்பனை வரியைக் கட்டிய ஒரு வியாபாரியின் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இங்கிலாந்து தன் பழைய விதியைக் கைவிட்டது 1998-இல். அதுவும் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் ஒருபக்கம், இரண்டு பேர் மறுபக்கம்.

இதனால் இந்தியா ரொம்ப முன்னேறிய நாடுன்னு மார்தட்ட வேண்டாம். செல்லாத வரியைக் கட்டியவர் திரும்பக் கேட்டால் என்ன என்ற கேள்வி 1996-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு வந்தது. வரியை விலையில் ஏற்றி வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே வாங்கிவிட்டாய். உனக்கு நஷ்டமே இல்லை. திருப்பிக் கொடுத்தால் அதுதான் அநியாய ஆதாயம் என்றார்கள். நியாயம்தான். ஆனா உண்மையிலேயே காசு கொடுத்தது கடையில் சோப்பு வாங்கின நீங்களும் நானும். நம்மகிட்ட பில்லும் இருக்காது. அந்தப் பணம் நுகர்வோர் நல நிதிக்குப் போகும் என்பது ஏற்பாடு. கனடா உச்ச நீதிமன்றம் 2007-இல் இதே வாதத்தை ஏற்கவில்லை. சட்டத்துக்குப் புறம்பாக வசூலித்த வரியை அரசு வைத்துக்கொள்ளக் கூடாது, கட்டியவர் யாரிடம் வசூலித்தார் என்பது அரசின் கவலை இல்லை என்றது. இரண்டு தீர்ப்பிலும், கடைசியில் விலை கொடுத்தவர் கைக்கு நேராக எதுவும் வரவில்லை.

தேனீப் பெட்டிகள்

கனடா பேச்சு வந்துடுச்சு. இந்த எபிசோடை நான் செய்ய நினைச்சதே இந்த வழக்குக்காகத்தான்.

1955. மான்ட்ரியல் நகரம். ரோசா பெக்கர், லோதர் பெட்கஸ் என்ற இருவர் சந்திக்கிறார்கள். இருவருமே ஐரோப்பாவிலிருந்து கையில் ஒன்றும் இல்லாமல் வந்தவர்கள். சேர்ந்து வாழ ஆரம்பிக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரோசாவின் சம்பளத்தில் வாடகை, சாப்பாடு, துணிமணி. பெட்கஸின் சம்பளம் அவர் பெயரில் பேங்கில் சேர்கிறது. 1961-இல் அந்தச் சேமிப்பில் கியூபெக்கில் ஒரு பண்ணை வாங்குகிறார்கள். பத்திரம் பெட்கஸ் பெயரில். அங்கே தேனீ வளர்ப்பு. சட்டம் அடித்து, தேன் எடுத்து, குளிர்காலத்தில் வெளியே வேலைக்கும் போய், ரோசா கூடவே உழைக்கிறார். தொழில் வளர்கிறது. ஒன்டாரியோவிலும் நிலம் வாங்குகிறார்கள். எல்லாம் பெட்கஸ் பெயரில்.

கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து, 1974-இல், ரோசா அந்த வீட்டை விட்டு வெளியேறுகிறார். பாதிப் பங்கு கேட்டு வழக்குப் போடுகிறார்.

அப்போதைய நிலவரம் எப்படி இருந்தது? ஒரு வருஷம் முன்பு, 1973-இல், அல்பெர்ட்டா மாகாணத்து ஐரீன் மர்டாக் வழக்கு முடிந்திருந்தது. அவர் முறைப்படி கல்யாணமானவர். வைக்கோல் அறுத்திருக்கார், லாரி ஓட்டியிருக்கார், மாட்டுக்குச் சூடு போட்டிருக்கார், ஊசி போட்டிருக்கார். பண்ணையில் பங்கு கேட்டார். கால்நடைப் பண்ணைக்காரர் மனைவி எவரும் செய்கிற வேலைதானே இது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் மறுத்துவிட்டது. அதில் எழுந்த கோபத்தில்தான் மாகாணங்கள் குடும்பச் சொத்துச் சட்டங்களைத் திருத்தின. ஆனால் அவை கல்யாணமானவர்களுக்கு. ரோசாவுக்கு அந்தக் கதவு இல்லை.

முதல் விசாரணையில் நீதிபதி ரோசாவிடம் கேட்டது 'உனக்கு ஏன் தரணும்' என்ற கேள்வியை. ஆரம்ப வருஷங்களில் அவர் வாடகையும் சாப்பாடும் கொடுத்ததை, தன்னைவிட இளைய ஆணைக் கல்யாணத்துக்கு மயக்கும் ஆசையில் போட்ட முதலீடு என்கிற ரீதியில் தீர்ப்பில் எழுதினார். அவர் கொடுத்தது 1,500 டாலர், 40 தேனீப் பெட்டிகள். தேனீக்கள் இல்லாமல். ஆமாங்க, காலிப் பெட்டி.

மேல்முறையீட்டில் ஒன்டாரியோ நீதிமன்றம் பாதிப் பங்கு என்றது. பெட்கஸ் உச்ச நீதிமன்றம் போனார். 1980 டிசம்பரில் நீதிபதி பிரையன் டிக்சன் எழுதிய தீர்ப்பு மூன்றே கேள்விகளில் நிற்கிறது. ஒருவருக்கு ஆதாயம் வந்ததா? அதற்கு இணையாக மற்றவருக்கு இழப்பு உண்டா? அந்த ஆதாயத்துக்குச் சட்டக் காரணம் ஏதாவது இருக்கா?

மூன்றாவது கேள்வியைக் கவனிச்சீங்களா? ஆங்கிலச் சட்ட மரபில் வளர்ந்த நீதிமன்றம், ஐரோப்பிய சிவில் சட்ட மரபின் கேள்வியைக் கேட்கிறது. இப்போ பதில் சொல்ல வேண்டியவர் பெட்கஸ். பத்தொன்பது வருஷ உழைப்பை நீ மட்டும் வச்சுக்க என்ன காரணம்? பங்கு கிடைக்கும் என்ற நியாயமான எதிர்பார்ப்போடு அவர் உழைத்தார், அது உனக்குத் தெரியும் அல்லது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தே வாங்கிக்கொண்டாய். பெட்கஸிடம் பதில் இல்லை. ரோசாவுக்குப் பாதி.

இங்கே முடிச்சா நல்ல கதை. ஆனா முடியல. தீர்ப்பு வந்த பிறகும் பணம் வரவில்லை. பெட்கஸ் வருஷக்கணக்கில் இழுத்தடித்தார். சொத்து விற்று வந்த பணமும் வக்கீல் செலவுக்கே போனது. 1986 நவம்பரில் ரோசா பெக்கர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தச் சட்ட அமைப்புக்கு என் எதிர்ப்பு இது என்ற பொருளில் எழுதி வைத்துவிட்டுப் போனார். கனடாவின் சட்ட வகுப்புகளில் இன்றும் அவர் பெயரிலுள்ள தீர்ப்பைப் பாடமாக நடத்துகிறார்கள். ஜெயித்த அவர் கைக்கு எதுவும் வரவில்லை.

(இந்தப் பகுதி உங்களுக்குப் பாரமா இருந்தா, நெருக்கமான ஒருத்தரிடமோ உதவி எண்ணிலோ பேசுங்க. தள்ளிப்போடாதீங்க.)

நெய்வேலியில் ஒரு வீடு

இதெல்லாம் கனடாவில் நடந்தது, நமக்கென்னன்னு கேட்கலாம். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. நெய்வேலிக் குடும்பம். கணவர் 1983 முதல் 1994 வரை சவுதியில் வேலை. மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்து, வீட்டைப் பார்த்துக்கொண்டு, அனுப்பிய பணத்தில் சொத்து வாங்கினார். திரும்பி வந்த கணவர், எல்லாம் என் சம்பாத்தியம் என்று வழக்குப் போட்டார்.

நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, மனைவிக்குச் சொத்தில் சம பங்கு உண்டு என்றார். அவர் விடுமுறை இல்லாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் இவரால் வெளிநாட்டில் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது என்பதே காரணம். தீர்ப்பு மறைமுகப் பங்களிப்பு என்ற அடிப்படையில் நிற்கிறது, நான் இன்னைக்குப் பேசின சட்டப் பெயரில் இல்ல. ஆனா கேள்வி அதேதான். 'அவளுக்கு ஏன் தரணும்' என்று கேட்டால் ரசீது காட்டணும். சமைத்ததுக்கு எந்த வீட்டில் ரசீது இருக்கு? 'நீ மட்டும் ஏன் வச்சுக்கணும்' என்று கேட்டால்தான் அந்த உழைப்பு கோர்ட்டு கண்ணில் படுது.

அந்த 12,000

கடைசியா என் கதை. படிச்சதையெல்லாம் வச்சுக்கிட்டு மனசுக்குள்ள ஒரு வழக்கு நடத்திப் பார்த்தேன். அந்த அண்ணன் நல்லெண்ணத்தோடதான் செலவு பண்ணினார். ஆனா ஜெர்மன் நீதிபதியா இருந்தா ஒண்ணு கேட்பார்: அந்த ஃபீஸை நீங்க எப்படியும் கட்டியிருப்பீங்கதானே? அப்போ உங்க சொந்தக் காசு 12,000 மிச்சமாச்சு. ஆதாயம் கரையல, இடம் மாறியிருக்கு. இங்கிலாந்து நீதிபதியும் கிட்டத்தட்ட அங்கேயேதான் வந்து நிற்பார். நம்ம பிரிவு 72-ல 'செலவாகிடுச்சு' என்ற விதிவிலக்கே எழுதப்படல.

எல்லா நாட்டிலயும் நான் ஜெயிச்சுட்டேன். ஆனா ரோசா பெக்கரை நினைச்சா, ஜெயிக்கிறதும் காசு கைக்கு வர்றதும் ஒண்ணு இல்ல. 12,000 ரூபாய்க்குக் கோர்ட்டுக்குப் போனா போக்குவரத்துக்கே அது பத்தாது.

அதனால திரும்பவும் போன் பண்ணேன். சட்டம் எதுவும் பேசல. "அண்ணா, அது என் வீட்டு அட்வான்ஸ். ஒரேயடியா வேண்டாம், ரெண்டு தவணையா குடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "சரி தம்பி, சம்பளம் வரட்டும்" என்றார். முதல் மாசம் ஆறாயிரம், அடுத்த மாசம் ஆறாயிரம். ரெண்டாவது தவணை வந்தப்போ அவரே போன் பண்ணி, நம்பரைச் சரிபார்த்து அனுப்பச் சொல்லித் திட்டினார்.

உங்க கைல இப்போ இருக்கிறதுல, காரணம் சொல்ல முடியாதது ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.